என் பெயரில் ஒரு வருஷம்

ஷார்ஜா, ரோலா
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணி,

வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினால் போதுமே, இவள் எதற்கு நோட்டுப் பேப்பரில் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். என் போனை உங்கள் தம்பி டியூட்டி முடிந்து வந்ததும் வாங்கி ஒன்றுவிடாமல் பார்க்கிறார். அதனால்தான் பேப்பர். பக்கத்து ரூம் ருக்கையா இதைப் போட்டோ எடுத்து அவள் போனிலிருந்து உங்களுக்கு அனுப்புவாள். பதிலையும் அவளுக்கே அனுப்புங்கள். கீழக்கரைக்காரி, நம்பலாம். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். இப்போது எட்டிப் பார்த்துவிட்டு, “நான் படிக்கலடி, கண்ணு தானா போவுது” என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மார்ச்சில் மணிக்கட்டு வீங்கிப்போன போட்டோவை அனுப்பி, பாத்ரூமில் வழுக்கிவிட்டேன், என்ன மருந்து போடலாம் என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜூனில் காது. ஆகஸ்டில் முதுகு. நவம்பரில் உதடு. நான்கு தடவையும் ஐஸ் வை, இந்த மாத்திரை போடு, அந்த ஆயின்மென்ட் தடவு என்று உடனே பதில் போட்டீர்கள். எங்கள் பாத்ரூம் அவ்வளவு மோசமில்லை அண்ணி. உங்கள் தம்பி அடித்தார்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக நாலு பேப்பர் கிழித்தேன். பத்து மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆச்சு என்று கேட்பார்கள் என்று அவர் போகவே விடவில்லை. “அக்காவே நர்ஸு, அப்பறம் டாக்டர் எதுக்கு?” என்பார். வாயைத் திறந்தால், “என் விசாவுலதான இருக்க? போன்ல ஒரு தட்டு தட்டினா நீயும் உன் மகளும் ஏர்போர்ட்ல நிப்பீங்க” என்பார். அமுதினி இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். அவளை இழுத்துக்கொண்டு ஊரில் போய் நின்று, ஏன் வந்தாய் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் இங்கேதான் இருக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. என் போனில் அந்தப் படங்களை அவர் நின்று பார்த்து அழிக்க வைத்துவிட்டார். உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் உங்களோடு இருக்கட்டும். அவரிடம் மூச்சு விடாதீர்கள்.

கனகா


ஃபர்வானியா, குவைத்
16 ஜனவரி 2025

கனகா,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டு படித்தேன். கைதவறி ஊசி மருந்தைக் கீழே போட்டேன். பதினாலு வருஷ சர்வீஸில் முதல் தடவை.

நீ சொல்ல வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை. வைரவனை எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உன்னைப் பெண் பார்த்து முடித்து வைத்ததும் நான். நான் கேட்காமல் யார் கேட்பது? நேற்று போன் போட்டு அரை மணி நேரம் கிழிகிழி என்று கிழித்தேன். “கை நீட்டுவியாடா, கை நீட்டுவியா?” என்று கேட்டதும் அழுதுவிட்டான். “தப்புத்தான்க்கா, வேலை டென்ஷன்க்கா” என்றான். குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் சொன்னால் அவன் கேட்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்னொன்று. உனக்கும் அமுதினிக்கும் 30-ஆம் தேதி மதுரைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு மாதம் உன் அம்மாவோடு இருந்துவிட்டு வா. இரண்டு பேரும் தள்ளி இருந்தால் சூடு ஆறும். அவனும் சரி என்று சொல்லிவிட்டான். உடனே ஒத்துக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள், எவ்வளவு மனசு மாறியிருக்கிறான் என்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எல்லாம் சரியாகிவிடும்.

ஜோதிமணி


ஷார்ஜா
2 பிப்ரவரி 2025

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் டிக்கெட்டில் நான் போகவில்லை. இந்தக் கடிதம் ரோலாவிலிருந்து வரவில்லை. நானும் அமுதினியும் பெண்கள் காப்பகம் ஒன்றில் இருக்கிறோம். எந்த இடம் என்று எழுதக் கூடாது. போனும் இங்கே கிடையாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நாகவள்ளி அக்கா என்று இங்கே மொழிபெயர்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், நாகர்கோவில்காரர். அவர் ஆபீஸ் மெஷினில் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்புகிறார்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தேனே அண்ணி. எத்தனை எளிய வேண்டுகோள்! நீங்கள் அரை மணி நேரம் கிழித்தீர்கள், அவர் அழுதார். போனை வைத்ததும் கதவைச் சாத்தினார். உங்களுக்கு அழுகை மட்டும்தான் கேட்டது. ருக்கையா கதவை உடைக்காத குறையாகத் தட்டியதும் அமுதினியைத் தூக்கிக்கொண்டு அவள் ரூமுக்கு ஓடினேன். அவள்தான் போலீசுக்குப் போன் அடித்தாள். பிழைத்துக் கிடக்கிறேன், பயப்படாதீர்கள். இப்போது எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகும் உங்கள் டிக்கெட்டில் போய்விடலாம் என்றுதான் பெட்டியைத் திறந்தேன். நாகவள்ளி அக்காதான் உட்கார வைத்துக் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் ஏன் இவ்வளவு சந்தோஷமா சம்மதிச்சாரு, யோசிச்சியா?” பிறகு இங்குள்ள வக்கீலம்மா சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். நான் ஊருக்குப் போனதும் அவர் என் விசாவை ரத்து செய்தால் கதை முடிந்தது, திரும்பி வர வழியில்லை. நான் இங்கே இருக்கும்போதே, விசா உயிரோடு இருக்கும்போதே, விவாகரத்து ஆகிவிட்டால், புருஷன் தயவில்லாமல் என் பெயரிலேயே ஒரு வருஷம் இருக்க அனுமதி கேட்கலாமாம். குழந்தையோடு. ஒரு வருஷம் அண்ணி! எனக்கு யாரும் இதுவரை ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை. உங்கள் பாசம் என்னை நேராக அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கும்.

அதுவரை அவர் பக்கத்தில் வராமல் இருக்கக் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கிறார்கள். இந்த ஒரு நாள் சண்டைக்கு அவர் என்னவோ சமாதானம் சொல்லிவிட்டாராம், அவளே கதவில் மோதிக்கொண்டாள் என்று. முன்னாலும் நடந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எனக்கு நீங்கள்தானே ஆஸ்பத்திரி. என் ரெக்கார்டு முழுவதும் உங்கள் போனில் இருக்கிறது.

நான்கு படங்களும், நீங்கள் போட்ட பதில்களும், தேதியோடு வேண்டும். கூடவே நீங்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். தம்பியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்லச் சொல்கிறேன்.

கனகா


ஃபர்வானியா
9 பிப்ரவரி 2025

கனகா,

என் மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. போன் போட்டது என் தப்பு. அன்று என்ன நடந்தது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீ கேட்பது சின்ன விஷயம் இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு வேலை போகும். ஜெயிலுக்குப் போனாலும் போவான். ஜெபல் அலி துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற ஆளாகச் சேர்ந்து, பத்து வருஷத்தில் சூப்பர்வைசராக வந்தவன். எங்கள் அம்மாவுக்கு இரண்டு தடவை நெஞ்சு வலி வந்திருக்கிறது. பெற்ற மகளே மகனை உள்ளே தள்ளினாள் என்று அவர் காதில் விழுந்தால் நான் எந்த முகத்தோடு ஊர்ப் பக்கம் போவேன்? நீயும் யோசி. வழுக்கி விழுந்தேன் என்று எழுதியது நீதான். நானாக இல்லை. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

போட்டோவும் என்னிடம் இல்லை. டிசம்பரில் போன் மாற்றினேன். பழையதெல்லாம் போய்விட்டது.

அமுதினிக்கு என் முத்தம் கொடு.

ஜோதிமணி


ஷார்ஜா
15 பிப்ரவரி 2025

அண்ணி,

சரி.

2019-இல் நான் அவித்த முதல் இடியாப்பத்தின் படம்கூட உங்கள் போனில் இருக்கிறது. அதை இந்தப் பொங்கலன்று குடும்பக் குரூப்பில் போட்டு, “இது இடியாப்பமா நூல்கண்டா” என்று என் மானத்தை வாங்கினீர்கள். டிசம்பரில் மாற்றிய போனிலிருந்து ஜனவரியில் அனுப்பிய படம் அது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அவருக்கு அக்கா என்பதால்தான் சொல்லவில்லை. இப்போது நீங்கள் எழுதியிருக்கிற கடிதத்துக்குப் பயந்துதான் சொல்லவில்லை.

உங்கள் தம்பி விசாவை ரத்து செய்ய இரண்டு தடவை விசா மனு தட்டிக்கொடுக்கிற டைப்பிங் சென்டருக்குப் போனாராம், ருக்கையா சொல்லி அனுப்பினாள். எங்கள் அடையாளக் கார்டும் பாஸ்போர்ட்டும் என்னிடம் இருப்பதால் அந்தக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருக்கிறார். எத்தனை நாளைக்கு? வேறு கடை பார்ப்பார்.

எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தூங்குகிறேன் அண்ணி, ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல! அமுதினி சமையல்கார அம்மாவிடம் அரபி கற்றுக்கொண்டு, சாப்பாடு பிடிக்காவிட்டால் “கலாஸ், கலாஸ்” என்று தட்டைத் தள்ளுகிறாள். நேற்று எல்லோருக்கும் நான் புளிக்குழம்பு வைத்தேன். எத்தியோப்பியப் பெண் ஒருத்தி கண்ணில் நீர் வழிய மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இனிமேல் எழுத மாட்டேன். நீங்களும் சிரமப்பட வேண்டாம்.

கனகா


ஃபர்வானியா
1 மார்ச் 2025

கனகா,

நீ படிக்காவிட்டாலும் நாகவள்ளி அம்மா படித்தாவது சொல்லட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னேன். நான்கு படங்களும் இருக்கின்றன. ஒரு நாளும் அழியவில்லை.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. நீ எனக்குச் சொன்ன பொய்யை நான் நம்பியதாக நடித்தேன் பார், அதுதான். நான் நர்ஸ், கனகா. வழுக்கி விழுந்தால் முழங்கையில் அடிபடும், இடுப்பில் அடிபடும். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் பதிய யாரும் வழுக்கி விழுவதில்லை. முதல் படத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஐஸ் வைக்கச் சொன்னேன். வேறு ஏதாவது கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயம். சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே. அதனால் மருந்தின் பெயரை மட்டும் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே முகம் எரிகிறது.

போன வாரம் வார்டில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எந்த ஊர் என்று வேண்டாம். புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு, படியில் விழுந்துவிட்டாள் என்றான். அவளும் ஆமாம் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் என்ன நிறத்தில் காயம், எத்தனை நாள் பழசு, எத்தனை விரல் தடம் என்று அளந்து, நேரம் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதுவும் கைதவறவில்லை. இது என் தினசரி வேலை. யாரோ ஒருத்திக்கு இதைச் செய்கிறேன். உனக்கு ஐஸ்!

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரை, உன் பாலகுரு அண்ணனை, உனக்குத் தெரியுமே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, “எழுது. எழுதி முடிச்சதும் எம்பசிக்குக் கூட்டிட்டுப் போறேன். எழுதாம இந்த வீட்டுல இனி தம்பி தம்பின்னு அழாத” என்றார்.

எழுதினேன். மூன்று பக்கம். வார்டில் எழுதுகிற மாதிரியே எழுதினேன், தம்பி என்று ஒரு இடத்திலும் போடவில்லை, பெயரைத்தான் போட்டேன். படங்கள், என் பதில்கள், எல்லாம் தேதியோடு இணைத்து, எம்பசியில் முத்திரை வாங்கியாகிவிட்டது. முதல் படத்திலேயே எனக்குத் தெரியும் என்பதையும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் நான் தலை குனிந்துதான் நிற்க வேண்டும். நிற்கிறேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி போடு.

ஜோதிமணி


ஷார்ஜா
24 மார்ச் 2025

அண்ணி,

கிடைத்தது. ஒரு வரி போட்டுவிட்டேன், கணக்கு முடிந்தது என்று நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

உங்கள் மூன்று பக்கத்தை நாகவள்ளி அக்கா வாசித்துச் சொல்லச் சொல்ல எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆத்திரத்தில் எழுந்து போய்விட்டேன். தெரிந்தே பத்து மாதம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “நிஜமாவே வழுக்குச்சாடி?” என்று கேட்டிருக்கக் கூடாதா? நான் கொட்டியிருப்பேன் அண்ணி. கேட்பதற்காகத்தான் அனுப்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஐஸ் வைக்க எனக்குத் தெரியாதா என்ன?

மறுபடி வந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். வக்கீலம்மா, இந்த மாதிரி ஒரு சாட்சியைப் புருஷன் வீட்டிலிருந்து தான் பார்த்ததில்லை என்றார். யார் இவர் என்று கேட்டார். நாத்தனார் என்றேன். நாகவள்ளி அக்கா அதை அரபியில் சொன்னதும் அந்த அம்மா மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

போன வியாழக்கிழமை உத்தரவு வந்தது. உங்கள் தம்பி எங்கள் பக்கத்திலோ பள்ளிக்கூடத்துப் பக்கத்திலோ வரக்கூடாது. அவரை உள்ளே வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இதை உங்களுக்காகச் செய்யவில்லை, அத்தைக்காகவும் இல்லை. அமுதினிக்கு அப்பா ஜெயிலில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். அவர் கம்பெனி ரூமுக்குப் போய்விட்டாராம். வேலை இருக்கிறது. விவாகரத்து மனுவும் போட்டாகிவிட்டது. விசா இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் காலையில் முதல் வேலையாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாகவள்ளி அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கட்டை விரலைக் காட்டுகிறார். அதன் பிறகுதான் டீ குடிக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தீரும். நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள்.

கனகா

அண்ணனிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை அவர் பேச இன்னும் பத்து வருஷம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று.


ஃபர்வானியா
8 ஜூன் 2025

என் கனகாவுக்கு,

விவாகரத்து ஆகிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். விசா உயிரோடு இருக்கும்போதே ஆகிவிட்டதே, அதற்காகச் சிரித்தேன். என் தம்பி வாழ்க்கை இப்படிப் போனதற்கு அழுதேன். இரண்டையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மறைத்தது போதும்.

அம்மா என்னோடு பேசி அறுபது நாளாகிறது. நான் போன் செய்தால் எடுத்து, யாரோ ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு வைக்கிறார். அவரே சொல்கிறார், அதே குரலில்! தினமும் போடுகிறேன், தினமும் ராங் நம்பர். நேற்று வைப்பதற்கு முன்னால், “இந்த ராங் நம்பருக்கு மாத்திரை வந்துருச்சுன்னு சொல்லிருங்க” என்றார். நான் அனுப்பிய நெஞ்சு வலி மாத்திரைதான். வழிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். அமுதினி உன் பெயரில் விசாவுக்கு வர அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும், அவர் தர மறுக்கிறார் என்று எழுதியிருந்தாய். உன் வருஷம் அவள் இல்லாமல் எதற்கு என்று நீ கேட்டது சரிதான். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்றுதான் உனக்கு மெயில் போட்டேன். நீ போங்கள் என்ற பிறகுதான் லீவு எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போனேன்.

கம்பெனி கேண்டீனில் வைத்துப் பார்த்தேன். இளைத்திருக்கிறான். நான் திட்டவில்லை. திட்டினால் அழுவான், அழுதால் என் மனசு இளகும், பிறகு பழைய கதைதான். பேப்பரையும் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“எனக்கு எதிரா எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?” என்றான்.

“இதே மூஞ்சிதான். நீ என்ன செஞ்சன்னு எனக்குத் தெரியும், நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியும். இப்ப அதப் பேச வரல.”

“எம் மகளக் குடுக்க மாட்டேன்.”

“யாரு குடுக்கச் சொன்னா? கோர்ட்டு சொன்ன நாள்ல, சொன்ன எடத்துல நீ பாத்துக்க. அவ எந்த ஊருல இருந்தா உன்னால பாக்க முடியும்? கையெழுத்து இல்லாட்டி கனகா அவளக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போகணும். நீ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல போயி, அவ உன்னய அடையாளம் தெரியாம கதவுக்குப் பின்னால நிப்பா. அதுதான் வேணுமா?”

பேப்பரைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, “என்னயப் பத்திக் கேட்டாளா?” என்றான். உன்னையா அமுதினியையா கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. “கேக்கல” என்றேன். இரண்டு பேரும் கேட்கவில்லை, அதுதானே உண்மை. கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. கவுன்சலிங் போகச் சொல்லிக் கோர்ட் சொல்லியிருக்கிறதாம், போகிறானாம். கையெழுத்து மட்டும் நிஜம். அசலை நானே டைப்பிங் சென்டருக்குக் கொண்டுபோய், முத்திரை வரைக்கும் முடித்து, நாகவள்ளி அம்மா கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

உன்னைப் பார்க்காமல் வந்தது வேண்டுமென்றேதான். நீயாகக் கூப்பிடுகிற அன்றைக்கு வருவேன்.

ஜோதிமணி


ஷார்ஜா, அல் நஹ்தா
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணி,

கோர்ட் கணக்குப்படி நீங்கள் இப்போது எனக்கு உறவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று வாயில் ஒன்றும் வரவில்லை. அண்ணியாகவே இருந்துவிட்டுப் போங்கள்.

மேலே முகவரியைப் பார்த்தீர்களா? மறைக்காமல் எழுதியிருக்கிறேன். நானும் ருக்கையாவும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறோம். ஒரு ரூம் எங்களுக்கு, ஜன்னலோடு. போன மாதத்திலிருந்து வேலைக்கும் போகிறேன். பெர்மிட்டைத் தனியாக வாங்கிவிட்டேன். எங்கே என்று கேட்டால் சிரிப்பீர்கள், டைப்பிங் சென்டரில்! தமிழும் இந்தியும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். காலையிலிருந்து மாலை வரை யார் யாருடைய விசாவையோ தட்டுகிறேன். முதல் வாரம் ஒரு மலையாளியின் பிறந்த வருஷத்தை மாற்றித் தட்டி அவரைப் பதினோரு வயதுப் பையனாக்கிவிட்டேன். மனுஷர் கோபப்படாமல், “இனி எனிக்கு ஸ்கூளில் போகாம்”, இனிப் பள்ளிக்கூடம் போகலாம் என்று சிரித்தார். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்கு ராணி நான். சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

வருஷம் முடிந்ததும் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அதற்குள் கம்பெனி விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆகும், ஆகாவிட்டால் வேறு வேலை பார்ப்பேன். முன்பெல்லாம் நாளைக்கு என்று நினைக்கவே பயப்படுவேன். இப்போது அடுத்த ஜூலையைப் பற்றிக் கவலைப்படுகிறேன். எவ்வளவு தூரத்துக் கவலை பாருங்கள்!

மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை அமுதினி அவள் அப்பாவைப் பார்க்கிறாள். கூட ஒரு ஆபீசரம்மா இருப்பார். போன தடவை கலர் பென்சில் வாங்கிக்கொடுத்தாராம். நான் ஒன்றும் கேட்பதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் எவ்வளவு மிச்சம் என்று தேடிப் பார்த்தேன். இந்த மாதம் அகப்படவில்லை. டிசம்பர் லீவில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் கூப்பிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. நேற்று அமுதினியின் கார்டு வந்தது. என் கார்டு ஜூலையிலேயே வந்துவிட்டது, அவளுடையதுதான் இழுத்துக்கொண்டிருந்தது. போனில் அவள் விவரங்களைத் திறந்து காட்டினேன். இப்போதுதான் எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசிக்கிறாளே, ஸ்பான்ஸர் என்று போட்டிருந்த இடத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டாள்.

“மம்மி, வாட்ஸ் ஸ்பான்ஸர்?”

‘வீட்டை விட்டுப் போ, நாட்டை விட்டுப் போ என்று சொல்லக்கூடிய ஆள்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக எனக்கு அதுதானே அர்த்தம். விழுங்கிக்கொண்டேன்.

“நீ இங்க இருக்கலாம்னு சொல்ற ஆளு” என்றேன்.

“அப்ப உனக்கு யாரு சொல்லுவா?”

“நானேதான்.”

கொஞ்சம் யோசித்தாள். “ஓகே” என்று சொல்லிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள்.

கனகா